ருத்ரா (இசைக்குழு)

ருத்ரா என்பது 1992-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஒரு மெட்டல் இசைக்குழு ஆகும். கதிர் (குரல், பாஸ் கிதார்), சிவா (டிரம்ஸ்), பாலா (கிதார்) ஆகியோர் இதன் தொடக்ககால உறுப்பினர்கள். டெத் மெட்டல் என்னும் கடும் இசைவகையில் வடமொழி மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் இணைத்துப் பாடுவதால் இவர்களது இசை ‘வேத மெட்டல்’ எனப்படுகிறது.

டெமோ

1994-இல் இக்குழு ‘தி பாஸ்ட்’ என்ற டெமோவை வெளியிட்டது. இசைத்தட்டு நிறுவனத்தின் துணையில்லாத குழுவினர், குறைந்த செலவில் தாங்களே தயாரிக்கும் மாதிரி ஒலிப்பதிவே டெமோ. அக்காலத்தில் பெரும்பாலும் கேசட்டுகளில் பதிந்து, கச்சேரிகளில் கைமாற்றியும் அஞ்சலில் பரிமாறியும் கொண்டனர். அவற்றைப் பெற்றவர்கள் மேலும் பல படிகள் எடுத்தனர். வானொலியில் இடம்பெறாத இசை நாடு விட்டு நாடு சென்றது இப்படித்தான்.

ஒலியின் வேர்

டெத் மெட்டலுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, 1970களின் ஹெவி மெட்டல். கிதாரின் கனத்த ஒலி அதிலிருந்து வந்தது. மற்றொன்று, 1980களின் ஹார்ட்கோர் பங்க். அதிலிருந்து வேகமும் கத்தலும் வந்தன. இவ்விரண்டும் நெருங்கிவந்ததற்கு ஒரு டெமோவையே எடுத்துக்காட்டாகக் கூறலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ‘சீஜ்’ குழு 1984-இல் பதிவுசெய்த ‘டிராப் டெட்’ டெமோவில் ஆறு பாடல்களே உள்ளன. பெரும்பாலானவை மிக விரைவானவை. கடைசிப் பாடல் மட்டும் மெதுவாக, கனமாக, சாக்சபோனுடன் நீள்கிறது. இங்கிலாந்தின் ‘நேபாம் டெத்’ போன்ற குழுக்கள் இதனால் தாக்கம் பெற்றன.

ருத்ரா உருவான 1990களின் தொடக்கத்தில், கச்சேரிகளில் இளைஞர்கள் முட்டிமோதி ஆடும் ‘ஸ்லாம்’ நடனம் சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டது. இவ்விசை ஐயத்துடன் பார்க்கப்பட்ட காலம் அது.

பெயரும் பொருளும்

ருத்ரன் என்ற சொல்லுக்கு ‘முழங்குபவன்’ என்பது மரபான பொருள்களுள் ஒன்று. சிவாலயங்களில் ஓதப்படும் ஸ்ரீருத்ரம் யசுர் வேதத்தைச் சேர்ந்தது. அதன் முதல் வணக்கம் ருத்ரனின் சினத்துக்கே செலுத்தப்படுகிறது. ‘நமசிவாய’ என்னும் ஐந்தெழுத்தும் அதே நூலில் அமைந்துள்ளது. எனவே சினமும் முழக்கமும் இம்மரபுக்கு அயலானவை என்று கூற இயலாது. மந்திரத்தை இப்படி உறுமலாமா என்று கேட்போர் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இசைத்தொகுப்புகள்

முதல் முழுத் தொகுப்பான ‘ருத்ரா’ 1998-இல் வெளிவந்தது. 2003-இல் வந்த ‘குருக்ஷேத்ரா’ மகாபாரதப் போர்க்களத்தின் பெயரைக் கொண்டது. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்னும் மூன்று தொகுப்புகள் வந்தன. பிரம்மவித்யா என்றால் பரம்பொருளைப் பற்றிய அறிவு. பாடல்களில் ஆங்கிலமும் வடமொழியும் கலந்து வருகின்றன.

முக்கியத்துவம்

சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன், வேத மெட்டலையும் அந்நாட்டின் தென்னிந்தியச் சமூகத்தையும் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 2009-இல் வெளியிட்டார். புலம்பெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள், மேற்கிலிருந்து வந்த இசையைக் கொண்டே தம் முன்னோரின் நூல்களை அணுகியது கவனத்துக்குரியது. பிள்ளைகள் கேட்பதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கும் பெரியவர்கள் சொற்களையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், மறைவாகக் காக்கப்பட்ட மந்திரத்தைத் திருக்கோட்டியூரில் கோயில்மேல் ஏறி நின்று அனைவரும் கேட்க உரக்கச் சொன்னார் என்பது வைணவ மரபு. அரிய பொருளை உரத்த குரலில் பலருக்கும் சொல்வது நமக்குப் புதிதன்று.