மூக்கு காட்டிக்கொடுப்பதும் மூக்கு மறைப்பதும்

2020 செப்டம்பர் 3ஆம் தேதி, மலேசியாவின் ரவாங் வட்டாரத்தில் ஓடும் சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் கரைப்பான் வாடை அடித்தது. அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது சிலாங்கூர் ஆற்றில். சிலாங்கூர் ஆற்றை நம்பியிருக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் நிறுத்தப்பட்டன. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் தொடங்கி கோலாலம்பூர் வரை ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குக் குழாய் வறண்டது. கணக்கு என்பது ஒரு வீடோ கடையோ ஆலையோ. தலைகளை எண்ணினால் இன்னும் பல மடங்கு. கோவிட் பரவிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. கையைக் கழுவு, கழுவு என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது மக்கள் வாளியும் குடமுமாகத் தண்ணீர் லோரிக்குக் காத்து நின்றார்கள். கனரக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஆலை ஒன்றிலிருந்து கழிவு வந்ததாக அதிகாரிகள் கண்டறிந்து அதை மூடி முத்திரையிட்டார்கள்.

அந்த நாள்களில் ஆற்றைப் பற்றி எவ்வளவோ பேசினோம். ஆற்றுக்கு வருமுன் அந்த மாதிரித் திரவங்களைக் கையால் தொட்டு, மூச்சில் இழுத்து, துணியில் நனைத்து வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேசவில்லை. வட சிலாங்கூரில் அந்த வேலையில் இருப்பவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பால்மரம் போய் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் போனவர்கள் அவர்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

முதலில் ஆற்றில் நடந்ததைப் புரிந்துகொள்வோம். கோல குபு பாருவுக்கு மேலுள்ள மலைகளில் பிறக்கும் சிலாங்கூர் ஆறு, கீழே இறங்கி, பழைய ஈயக் குட்டைகளையும் செம்பனைக் காடுகளையும் தாண்டி பெஸ்தாரி ஜெயாவுக்கு வருகிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் பெரியவர்களுக்கு விளங்கும். பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிரும் கரை, பிறகு கடல்.

சுத்திகரிப்பு நிலையம் என்பது அடிப்படையில் சேற்றையும் கிருமியையும் நீக்கும் இடம். படிகாரம் போன்ற உப்பைச் சேர்த்தால் கலங்கல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் தங்கும். மீதியை மணல் படுகை வடிகட்டும், குளோரின் கிருமியைக் கொல்லும். டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் இந்த ஏற்பாட்டில் எதற்கும் பிடிபடாது. அவை துகள்களாக மிதப்பதில்லை. மூலக்கூறு மூலக்கூறாக நீரில் கரைந்து மணலுக்குள்ளும் நழுவிப் போய்விடும். செயலூட்டப்பட்ட கரித்தூளைக் கலந்தால் அது அவற்றை உறிஞ்சிப் பிடிக்கும். ஆனால் அதற்குக் கரியும் நிறைய வேண்டும், நேரமும் வேண்டும். ஒரு நாளில் நூறு கோடி லிட்டர் கணக்கில் நீரெடுக்கும் நிலையத்துக்கு வாடை அடித்த நீரை உள்ளே விடாமல் கதவை மூடுவதே பாதுகாப்பான வழி. அணைகளிலிருந்து நீரைத் திறந்துவிட்டு ஆற்றை அலசிவிடுவார்கள். வாடை போன பிறகுதான் பம்புகள் மறுபடி ஓடும்.

எவ்வளவு ஊற்றினால் இப்படி ஆகும்? சுங்கை கோங்கில் எந்தக் கரைப்பான் எவ்வளவு கலந்தது என்பதற்குள் போகாமல், டொலுவீனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தின்னரில் பெரும்பாலும் இருப்பது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்புப்படி, ஒரு லிட்டர் நீரில் 0.024 மில்லிகிராம் டொலுவீன் இருந்தாலே வாடை தெரியத் தொடங்கலாம். ஒரு லிட்டர் டொலுவீனின் எடை ஏறக்குறைய 870 கிராம். ஆவியாகாமல் முழுதும் கலந்ததாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு லிட்டர் 3.6 கோடி லிட்டர் தண்ணீரை நாறடிக்கப் போதும். ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் பதினான்கை நிரப்பும் நீர் அது. ஒரு டிரம்மில் 200 லிட்டர் பிடிக்கும்.

அதே டொலுவீனுக்கு அந்த நிறுவனம் குடிநீரில் வைத்திருக்கும் உடல்நல வரம்பு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். வாடை தொடங்கும் அளவைவிட இது கிட்டத்தட்ட முப்பது மடங்கு அதிகம். ஆக, தண்ணீரில் மூக்கு நமக்கு மிக நல்ல காவல். கருவிகள் எத்தனை வந்தாலும் மனித மூக்கை வைத்தே ஒரு சோதனை செய்கிறார்கள். மாதிரி நீரை வாடையற்ற நீரோடு கலந்து கலந்து, எத்தனை மடங்கு நீர்த்த பிறகு மணம் மறைகிறது என்று பார்த்து எண் கொடுப்பது வழக்கம். ஆபத்து வருவதற்கு வெகு முன்பே மணி அடித்துவிடுகிறது.

பட்டறைக்குள் இந்தக் காவல் நம்மைக் கைவிடுகிறது. இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தின்னர் டின்னைத் திறந்ததும் சுள்ளென்று ஏறும் நெடி, கால் மணி நேரத்தில் குறைந்துவிட்டதாகத் தோன்றும். காற்றில் இருப்பது குறையவில்லை. மூக்கின் நரம்புகள் பழகி மரத்துவிட்டன. "இப்போ நாத்தம் இல்லண்ணே" என்று உள்ளே இருப்பவர் சொல்லும்போது, வெளியிலிருந்து வருகிறவருக்குக் கண் எரியும். சில கரைப்பான்கள் மூக்கை ஏமாற்ற அது பழகவே தேவையில்லை. பெயின்ட் உரிக்கப் பயன்படும் டைகுளோரோமீத்தேனை மனித மூக்கு உணர்வதற்குள் காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 200 பங்கு சேர்ந்திருக்கும். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவு அதில் நாலில் ஒரு பங்குதான். உடல் அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுவதால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் திணறும். பென்சீனும் அப்படித்தான். மூக்குக்குத் தெரியும்போது வரம்பு தாண்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் எலும்பு மச்சையைக் கெடுத்து ரத்தப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.

மெத்தனால் இன்னும் கொடியது. சாராயத்தின் மணத்திலிருந்து அதன் மணத்தைப் பிரித்தறிய முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் செத்தவர்கள் அறுபதுக்கும் மேல். கல்லீரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிற அதே ஆசிட்தான். அது கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறித்துவிட்டு உயிரையும் எடுக்கிறது.

நாள்பட்ட பாதிப்புகள் இவ்வளவு வெளிச்சமாகத் தெரிவதில்லை. பசைகளிலும் கழுவும் திரவங்களிலும் உள்ள ஹெக்சேன் கால்விரலிலும் கைவிரலிலும் மரத்துப்போகும் உணர்வாகத் தொடங்கி நடையைத் தளர்த்தும். சர்க்கரை வியாதி என்று எண்ணி விட்டுவிடுவார்கள். டொலுவீன் தலைவலி, மறதி, எரிச்சல் என்று வரும். வீட்டில் அதைக் குணக்கேடு என்று நினைப்பார்கள். டொலுவீன் செவிப்புலனையும் கெடுக்கும். இயந்திரச் சத்தமும் சேர்ந்தால் கேடு கூடும். வேலை முடிந்து மது குடித்தால், டொலுவீனை உடல் வெளியேற்றுவது தாமதமாகிறது. கருவுற்ற பெண்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை இது. டிராக்டர் பட்டறையில் பாகங்களைப் பெட்ரோலில் கழுவுவதும், கடைசியில் அதே பெட்ரோலில் கையைக் கழுவுவதும் பார்த்துப் பழகிய காட்சி. தண்ணீரில் கலந்ததும் பால்போல் வெளுக்கும் பூச்சிமருந்துகள் பலவற்றில் நஞ்சைக் கரைத்து வைத்திருப்பது சைலீன் போன்ற கரைப்பான்களே. அவை தோலின் கொழுப்பைக் கரைத்து மருந்தை உள்ளே விடுகின்றன. கலக்கும் இடத்தில் நிற்பவருக்கே அதிக ஆபத்து. மருந்தடிக்கும் பெண்கள் படும் பாட்டை ஐரின் ஃபெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வாக வெளியிட்டது. அந்த ஆண்டே பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்யும் முடிவு வந்தது. 2006இல் அது தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1இல். அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் தோளில் பம்பைச் சுமந்தவர்களின் ஆண்டுகள். அதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

என்ன செய்யலாம்? காற்றை முதலில் கவனிக்க வேண்டும். டொலுவீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. அது தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும், எங்கோ தள்ளியிருக்கும் நெருப்பை எட்டித் திரும்பும். அதன் தீப்பற்று நிலை 4 பாகை செல்சியஸ். நம் ஊர் நிழலே முப்பது பாகை. ஆகவே கூரை விசிறி போதாது. தரைமட்டத்தில் காற்று வெளியேற வேண்டும். துணி முகக்கவசமோ மருத்துவ முகக்கவசமோ ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த, ஆவிக்குரிய வடிப்பி பொருத்திய கவசம் வேண்டும். ரப்பர் கையுறையை டொலுவீனில் போட்டால் ஊதிப் பருத்துவிடும். நைட்ரைல்கூட அதற்குச் சில நிமிடங்கள்தான் தாங்கும். எந்தத் திரவத்துக்கு எந்தக் கையுறை என்பதைத் தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தாளில் பார்க்கலாம்.

காலி டிரம்மைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம் ஆபத்து, ஏனென்றால் அதற்குள் ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்து நிற்கும். குப்பைத் தொட்டியாக்கலாம், கோழிக்கூண்டாக்கலாம் என்று வெல்டிங் தீயால் வெட்டப் போய் உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எண்ணெய் இறக்குவதும் அப்படியே; ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் கடுமையான அழற்சி. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, ஏறி வருவது மறுபடி நுரையீரலுக்குள் போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், டின்னையும் கூடவே. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கு வழிகாட்டும். குளிர்பான போத்தலில் தின்னரை ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீடு.

சட்டத்தில் குறை அதிகம் இல்லை. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி அபாய இரசாயனத்தின் லேபிளும் பாதுகாப்புத் தாளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தாளில் 16 பகுதிகள். நான்காவது முதலுதவி, எட்டாவது கவசம், பதின்மூன்றாவது கழிவை அகற்றும் விதம். மலாய் படிக்கத் தெரிந்த இளையவர் ஒருவர் இந்த மூன்றையும் மண்டோருக்கும் மற்றவர்களுக்கும் தமிழில் வாசித்துக் காட்டினால் அரை மணி நேரம்கூட ஆகாது.

பதின்மூன்றாவது பகுதியைப் பின்பற்றினால் சுங்கை கோங் போன்ற ஆறுகளும் தப்பும். பயன்படுத்திய கரைப்பான் மலேசியச் சட்டத்தில் அட்டவணைக் கழிவு. குளோரின் போன்ற ஹாலஜன் கலவாததற்கு எஸ்டபிள்யூ 322, கலந்ததற்கு எஸ்டபிள்யூ 323 என்று 2005ஆம் ஆண்டு விதிகள் எண் கொடுத்துள்ளன. மூடிய டிரம்மில் எண்ணையும் தேதியையும் எழுதி, 180 நாள்களுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குச் செலவுண்டு. அந்தச் செலவைத் தவிர்க்க எண்ணும் முதலாளி, இரவில் கால்வாயில் கவிழ்க்கச் சொல்வது கூலிக்காரரிடம்தான். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசீர் கூடாங்கில் சுங்கை கிம் கிம்மில் கொட்டிய கழிவிலிருந்து எழுந்த ஆவி ஆயிரக்கணக்கானோரை மருத்துவத்துக்கு அனுப்பி 111 பள்ளிகளை மூட வைத்தது. கவிழ்க்கும்போது அந்த ஆவியை முதலில் முகத்தில் வாங்குகிறவரும் அந்தக் கூலிக்காரரே. அப்படி ஒரு வேலையை யாராவது சொன்னால் மறுக்கலாம். சுற்றுச்சூழல் இலாகாவிடமோ வேலையிடப் பாதுகாப்பு இலாகாவிடமோ புகாரும் கொடுக்கலாம்.