ஓடத் தொடங்கி நின்றுவிடும் குளிர்சாதனப்பெட்டி

அண்மையில் ஆர்ஜொந்தெய்யில் எமது அடுக்குமாடியிலுள்ள குடும்பமொன்று, கடையில் வாங்கிய பழைய குளிர்சாதனப்பெட்டி ஐந்தாம் நாளே குளிரவில்லை என்று எம்மை அழைத்தது. உள்விளக்கு எரிந்தது. பின்புறத்தில் ஒரு முனகல், சில விநாடிகளில் 'டிக்' என்ற ஒலி, பின் அமைதி. சிறிது நேரத்தில் மீண்டும் அதுவே. உள்ளே லாச்சப்பலில் வாங்கிய மீனோடு, 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் பேணவேண்டிய, வீட்டுப் பெரியவரின் இன்சுலினும் இருந்தது. அதை உடனே அயல்வீட்டுக்கு மாற்றினோம்.

'டிக்' என்பது பழுதன்று, காவல். கொம்பிறசரின் மோட்டார் சுழல முடியாது திணறும்போது மின்னோட்டம் மிகுந்து சூடேறுகிறது. பாதுகாப்பு ஆளி மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆறியதும் மீண்டும் இணைக்கிறது. திணறுவது ஏன் என்பதே கேள்வி.

செருகியைக் கழற்றிப் பத்து நிமிடமாவது பொறுக்கவேண்டும். நின்ற உடனே மீண்டும் இயக்கினால், குழாய்களில் எஞ்சிய அமுக்கத்தை எதிர்த்து மோட்டார் கிளம்பாது. நீட்டிப்பு வயரைத் தவிர்த்து நேரே சுவரில் செருகவேண்டும். பின்புறக் கம்பிவலையின் தூசியைத் துடைத்து, சுவரிலிருந்து சற்றே விலக்கி வைக்கவேண்டும். படுக்கவைத்து ஏற்றிவந்த பெட்டியாயின், எண்ணெய் கொம்பிறசருக்குத் திரும்பும்வரை சில மணிநேரம் நிமிர்த்தி வைத்த பின்பே இயக்கலாம். (1990 ஆனியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், எமது வீட்டுப் பெட்டி புத்தக அலுமாரியாயிற்று. பழுதுபார்க்கும் கவலை அதோடு தீர்ந்தது!)

இவ்வளவும் செய்தும் ஓடாவிடின், மோட்டாரைக் கிளப்பிவிடும் சிறிய றிலேயில் ஐயம் கொள்ளலாம். கொம்பிறசரே பழுதென்று முடிவுகட்டுமுன் அதைச் சோதிப்பிக்க வேண்டும். குழாய்களில் கைவைத்தல் கூடாது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது தீப்பற்றும் ஐசோபியூற்றேன் வாயு.

அக்குடும்பமோ பெட்டியை வீசிவிட எண்ணியிருந்தது. வதிவிட அட்டை இன்னும் கிடைக்காத நிலையில், கடைக்காரரோடு வழக்காட அச்சம். ஆனால் இவ்வுரிமை வாங்கியவருக்குரியது, அட்டைக்குரியதன்று. தொழில்முறை வணிகரிடம் வாங்கிய பழைய பொருளில் 12 மாதத்துக்குள் தோன்றும் குறை, விற்றபோதே இருந்ததாகப் பிரெஞ்சுச் சட்டம் 2022 தை முதலாகக் கொள்கிறது. இல்லையென நிறுவுவது விற்றவர் பொறுப்பு. தனியாரிடம் வாங்கியோருக்கு இது பொருந்தாது.

பற்றுச்சீட்டோடு நாமும் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் முதலில் மறுத்தார்; சட்டத்தைச் சொன்னதும் முகஞ்சுளித்தவாறே மறுநாள் ஆளனுப்பினார். வந்தவர் கால்மணி நேரத்தில் றிலேயை மாற்றினார். அன்று மாலையே இன்சுலின் வீடு திரும்பியது.