படர்தாமரையும் ஒரு பாரிஸ் டாக்டரும்

படர்தாமரையினால் உயிர் போயிற்று என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, காலராவையும் க்ஷயத்தையும் ஆராய்ந்தவர்களுக்குக் கிட்டிய புகழ், சொறி சிரங்குகளை ஆராய்ந்தவர்களுக்குக் கிட்டவில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்ஸ் தேசத்தில் இந்த ‘அற்ப’ வியாதி எத்தனையோ குழந்தைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் விலக்கி வைத்தது. தலையில் வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்த பிள்ளையின் அருகே உட்கார யார் சம்மதிப்பார்கள்? வைத்தியமோ வியாதியிலும் கொடியது. கீல் தடவிய குல்லாயைத் தலையில் ஒட்டவைத்து, பிறகு மயிரோடு சேர்த்துப் பிய்த்தெடுப்பார்கள். அந்தக் கொடுமை ஒழிந்த பின்னரும், இடுக்கியால் ஒவ்வொரு மயிராகப் பிடுங்கும் வழக்கம் ஒழியவில்லை. பாரிஸிலுள்ள ஸேன் லூயி ஆஸ்பத்திரியில் இக்குழந்தைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் நடந்ததென்றால், அவர்கள் அங்கே தங்கிய காலத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்தான் டாக்டர் ரேமோன் சபூரோ. 1864-ல் நாந்த் நகரில் பிறந்தவர். பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் எமில் ரூவிடம் கிருமி சாஸ்திரம் பயின்றவர். ஓய்வு நேரத்தில் சிலை வடிப்பார்.

படர்தாமரைக்குக் காரணம் ஒருவகைப் பூஞ்சக் காளான் என்பதை க்ரூபி என்ற ஹங்கேரிய வைத்தியர் 1840-களிலேயே அதே பாரிஸில் கண்டு சொல்லியிருந்தார். கேட்பார் இல்லை. சபூரோ அதை மீண்டும் எடுத்து, 1892 முதல் தம் முடிவுகளை வெளியிடலானார். அவருக்கு நேர்ந்த பெரிய இடையூறு, காளானின் வேஷம் மாறும் குணம். ஒரே வித்து ஓர் உணவில் வெள்ளை மாவுபோல் வளரும். வேறோர் உணவில் மடிப்பு மடிப்பாக, வேறு நிறத்தில் தோன்றும். ஆகவே எது எந்த இனம் என்று நிச்சயிப்பது அரிதாயிருந்தது.

சபூரோ எல்லாவற்றிற்கும் ஒரே உணவைக் கொடுத்தார். நூற்றுக்கு நான்கு பங்கு மால்டோஸ் சர்க்கரை, ஒரு பங்கு பெப்டோன், கடற்பாசியிலிருந்து எடுத்த அகார், அவ்வளவுதான். சர்க்கரையும் பெப்டோனுங்கூட இன்ன இடத்துச் சரக்காகவே இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களுக்கு இதன் நியாயம் உடனே விளங்கும்: கேள்வி ஒன்றாயிருந்தாலன்றோ விடைகளின் வேற்றுமை தெரியும்! சற்றே புளிப்பான அந்த உணவில் பாக்டீரியாக்கள் செழிப்பதில்லை என்பது மற்றோர் அனுகூலம்.

இதன் பயனாக, படர்தாமரை ஒரே வியாதியன்று, பல காளான்களின் வேலை என்பது தெளிவாயிற்று. கன்று, குதிரை முதலிய பிராணிகளிடமிருந்து தொற்றும் இனங்கள் பெரும்பாலும் கடுமையாக அழற்றிவிட்டு, தாமாகவே ஆறிவிடும். மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுபவையே அடக்கமாயிருந்து, நெடுங்காலம் போக மறுப்பவை.

1904-ல் அவரும் நுவாரே என்பவரும் எக்ஸ்-ரே கிரணங்களால் மயிரை வலியின்றி உதிரச் செய்தனர். கிரணத்தின் அளவை அறிய ஒரு சிறு வில்லை. அதன் பச்சை நிறம் பழுப்பாக மாறியதும் நிறுத்திவிட வேண்டும். ஆண்டுக்கணக்கான சிகிச்சை சில மாதங்களில் முடிந்தது. குழந்தைகள் வீடு திரும்பினர். அவருடைய பெருநூலான ‘லே தேஞ்’ 1910-ல் வெளிவந்தது.

பாக்டீரியா விஷயத்தில் அவருக்கு இத்தனை அதிருஷ்டம் இல்லை. மயிர்க்கால்களில் வாழும் ஒரு நுண்கிருமியே வழுக்கைக்குக் காரணம் என்று 1897-ல் சாதித்தார். அமெரிக்காவில் ஹாமில்டன் 1942-ல் ஆண்மைச் சுரப்புநீரின் பங்கைக் காட்டியதோடு, வழுக்கைத் தலையர்கள் அந்தக் கிருமிப் பழியிலிருந்து விடுபட்டார்கள்.

எக்ஸ்-ரே சிகிச்சைக்கும் ஒரு விலை இருந்தது. இஸ்ரேலில் 1948-க்குப் பின் பல்லாயிரம் குழந்தைகளுக்கு அவ்வகைச் சிகிச்சை அளித்தார்கள். மூளையிலும் தைராய்டிலும் கட்டிகள் அவர்களிடையே அதிகம் என்பதை மோதானும் அவரது குழுவினரும் 1974-ல் வெளியிட்டார்கள். 1938-ல் காலமான சபூரோ அதை அறியவில்லை. 1958 முதல் கிரிஸியோபுல்வின் என்ற உட்கொள்ளும் மருந்து புழக்கத்துக்கு வரவே, எக்ஸ்-ரே கிரணத்தின் தேவை அற்றுப் போயிற்று.

படர்தாமரை மட்டும் போகவில்லை. வழக்கமான டெர்பினபின் மருந்துக்குப் பல சமயம் மசியாத ஓர் இனம் இப்போது இந்தியாவில் பரவியிருக்கிறது. ஜப்பானில் சிகிச்சை பெற்ற இந்திய, நேபாள நோயாளிகளிடம் அதைக் கண்டு, 2020-ல் ‘டிரைகோபைட்டான் இண்டோடினியே’ என்று பெயரிட்டார்கள். டாக்டரைக் கேளாமல் மருந்துக் கடையில் வாங்கித் தடவும் ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை அடக்கும், காளானையோ போஷிக்கும். தோலைச் சுரண்டி எடுத்த துகளைப் பரிசோதனைக்கூடத்தில் இன்றும் சபூரோவின் பெயர் தாங்கிய உணவில்தான் விதைக்கிறார்கள். மால்டோஸுக்குப் பதிலாகக் குளுகோஸ் சேர்ப்பது ஒரு மாறுதல். முடிவு தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருக்கவேண்டும்.