நிரலாளரும் ஓவியரும்

திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் திருத்தலாம். ஆனால், நிரல் எழுத அறியாத பயனர் குறை சொன்னால், ‘நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்’ என்னும் மறுமொழியும் வருவதுண்டு. ஊதியமின்றி உழைப்பவரின் சலிப்பு புரிகிறது. எனினும், அம்மறுமொழி உரையாடலையே முடித்துவிடுகிறது.

முப்பரிமாணப் படங்களை உருவாக்க உதவும் பிளெண்டர் மென்பொருளைக் காண்போம். அதனை வெளியிட்ட நெதர்லாந்து நிறுவனம் 2002ஆம் ஆண்டு மூடப்பட்டது. நிரலறியாப் பயனர்களும் சேர்ந்து ஏழே வாரங்களில் ஓர் இலட்சம் யூரோ திரட்டி, அதன் நிரலை அனைவர்க்கும் பொதுவாக்கினர். பின்னர், 2006இல் வெளிவந்த ‘எலிஃபண்ட்ஸ் டிரீம்’ குறும்படத்திற்காக ஓவியரும் நிரலாளரும் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒருங்கே பணியாற்றினர். ஓவியர் வேண்டிய வசதிகள் நிரலாயின. அப்படியிருந்தும், சுட்டியின் இடப்பொத்தானால் பொருளைத் தேர்ந்தெடுக்கும் எளிய முறை, 2019இல் வந்த 2.80 பதிப்பில்தான் இயல்பமைப்பாயிற்று. அதுவரை வலப்பொத்தான்தான், புதியவர் பலர் முதல்நாளே தடுமாறினர்.