வெண்குழியங்கள் காட்டும் கணக்கு

இரைப்பைப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யுமுன் நோயாளியின் குருதிக் கலங்களை எண்ணிப் பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். செலவு குறைந்த அச்சோதனைத் தாளில் நோயின் போக்கைக் குறிக்கும் எண்ணொன்றும் உண்டென்பதை நம்மிற் பலர் அறியோம்.

வெண்குழியங்களுள் நூற்றுக்கு 40 முதல் 70 வரை நடுநிலைநாடிகள்; அழற்சி கண்ட இடத்துக்கு முதலில் விரைபவை இவை. நிணநீர்க்குழியங்கள் 20 முதல் 40 வரை. புற்றுக் கலங்களை இனங்கண்டு அழிப்பதிற் பெரும்பங்கு இவற்றினுடையது. முன்னதைப் பின்னதால் வகுக்கவேண்டும். 60ஐ 30ஆல் வகுத்தால் 2. இந்த ஈவு உயர்ந்திருந்த நோயாளர், கூட்டமாக நோக்குமிடத்து, குறைந்த காலமே வாழ்ந்தனரெனப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அழற்சி மிகுந்த உடலில் முன்னவை பெருகிப் பின்னவை குன்றுகின்றன. புற்றுக்குள் வெண்குழியங்களைக் கண்ட ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ, இவ்விரண்டுக்கும் உறவுண்டென 1863இலேயே கருதினார்.

ஆனால் எல்லைக்கோடு எங்கே? ஓராய்வு 2 என்னும். வேறொன்று 3 அல்லது 5 என்னும். பக்டீரியாத் தொற்றும் ஸ்டீரொயிட் மருந்தும்கூட ஈவை உயர்த்திவிடும். தாளைக் கண்டதும் மனத்துள் வகுத்துப் பார்த்துக் கலங்கும் உறவினருக்கு இதனைச் சொல்லவேண்டும். புற்று இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் ஊடுருவியது, எத்தனை நிணநீர்க்கணுக்களுக்குப் பரவியது என்பனவற்றையே வைத்தியர்கள் இன்றும் முதலில் நோக்குகின்றனர்.