நாயின் இருதயப் புழு

யானைக்கால் நோயைக் கொசு பரப்புகிறது என்பதை நாம் நன்கு அறிவோம். அந்நோய்ப் புழுவின் உறவினம் ஒன்று நாயின் இருதயத்தில் குடியேறுகிறது என்பதையும், அதனையும் கொசுவே சுமந்து செல்கிறது என்பதையும் அறிந்தவர் சிலரே.

1856-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜோசப் லைடி விவரித்த இப்புழு இன்று டைரோபைலேரியா இம்மிட்டிஸ் என வழங்குகிறது. பெண் புழு ஏறக்குறைய ஓரடி நீளம். தோற்றத்தில் வெந்த சேமியாவை ஒக்கும். நோயுற்ற நாயின் குருதியில் இதன் நுண்ணிய குஞ்சுகள் மிதக்கின்றன. கொசு அக்குருதியைக் குடித்தால் அவை கொசுவின் உடலில் இரண்டு வாரம் வளர்ந்து, அது வேறொரு நாயைக் கடிக்கையில் உட்புகுகின்றன. ஆறேழு மாதங்களில் முதிர்ந்து நுரையீரல் தமனியிலும், மிகுந்துவிட்டால் இருதயத்தின் வலப்புறத்திலும் சுருண்டு கிடக்கின்றன. அதுவரை நாய் துள்ளி விளையாடும். பின்னரே இருமல், களைப்பு, மெலிவு. நோய் முற்றினால் வயிற்றில் நீர் கட்டும். வயதாகிவிட்டது என்று நாம் வாளா இருந்துவிடுவதும் உண்டு.

நம் நாட்டில் இருதயப் புழு வடகிழக்கு மாநிலங்களிலேயே மிகுதி. தென்னாட்டில் பெரிதும் காணப்படுவது நாயின் தோலுக்கடியில் வாழும் ரெப்பென்ஸ் என்னும் மற்றோர் இனம். ஆதலின் சித்தூரில் ஒரு நாயின் குருதியில் நுண்புழு தென்பட்டவுடனே இருதய நோய் என்று முடிவு கட்டலாகாது. இரு இனத்துக் குஞ்சுகளையும் பிரித்தறியப் பயின்ற கண் வேண்டும். 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி திருப்பதியிலேயே இருப்பது இப்பகுதியினரின் நற்பேறு.

மனிதரை இவை தாக்குமா? அரிதாகத் தாக்கும், நாய் கடிப்பதாலோ நக்குவதாலோ அன்று, கொசுக்கடியால். மனித உடலில் இருதயப் புழு முதிராமலே மடிகிறது. நுரையீரலில் அது மடிந்த இடம் எக்ஸ்ரே படத்தில் காசு போன்ற வட்ட நிழலாகத் தெரியும். புற்றுநோயோ என்று ஐயுற்று மார்பைத் திறந்து அறுவை செய்த நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் உண்டு. ரெப்பென்ஸ் கண்ணின் வெண்படலத்தடியில் நெளியும். கேரளத்தில் இத்தகைய நோயாளர் பலரைக் கண்டிருக்கின்றனர். சிறு அறுவையால் புழுவை எடுத்துவிடலாம்.

யானைக்கால் ஒழிப்புக்கென வழங்கிய மாத்திரை வீட்டில் இருந்தால், அதை நாய்க்குக் கொடுத்துப் பார்ப்பது பெருந்தவறு. குருதியில் இருதயப் புழுவின் குஞ்சுகள் மலிந்த நாய்க்கு அது அதிர்ச்சி விளைத்து உயிரையும் போக்கக்கூடும். முதிர்ந்த புழுவைக் கொல்லும் மருந்திலும் இடர் உண்டு: செத்த புழுக்கள் தமனியை அடைக்கும். ஆகவே சிகிச்சைக் காலத்தில் நாயைப் பல வாரம் ஓடவிடாமல் கட்டி வைக்கின்றனர். வருமுன் காக்க, குருதியைச் சோதித்தபின் மாதம் ஒரு முறை மருத்துவர் தரும் ஐவர்மெக்டின் போன்ற மருந்து போதும். நாய்க்கு நாம் வைக்கும் தண்ணீர்த் தொட்டியிலேயே கொசு முட்டையிடுகிறது. வாரம் ஒரு முறையேனும் அதனைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.