வால்வு செட்டா, டிரான்சிஸ்டர் செட்டா? ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்போம்

காலையில் கடையைத் திறந்து, ஊதுவத்தி ஏற்றி, சாமி பாட்டைப் போட்டுவிட்டு முதல் போணிக்குக் காத்திருப்பது நம் வணிகப் பெருமக்கள் பலருக்கும் பழக்கம். அந்தப் பாட்டு எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. கதிர்காமத்தில் மளிகைக் கடை நடத்தும் நம் நண்பர் ஒருவர் நம்மை யோசிக்க வைத்துவிட்டார்.

"அண்ணே, எங்க அப்பா காலத்து வால்வு செட்டுல இருந்த இனிமை இப்ப இருக்கிற பெட்டியில இல்லை. நல்ல வால்வு ஆம்ப்ளிபயர் ஒண்ணு விலைக்கு வருது. தீபாவளிச் சரக்குக்கு வச்சிருக்கிற பணத்துல இருந்து எடுத்துப் போட்டுடலாமான்னு பார்க்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

தீபாவளிச் சரக்குப் பணம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். எண்ணெய், மாவு, சர்க்கரை எல்லாம் அந்தப் பணத்தில்தான் வந்து இறங்க வேண்டும். ஆகவே வாய்க்கு வந்த பதிலைச் சொல்லாமல் விசாரித்துப் பார்த்தோம்.

இரண்டும் செய்வது ஒரே வேலை

சிறிய மின்சார அலையைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பதே ஆம்ப்ளிபயரின் வேலை. அந்த வேலையை முதலில் செய்தது வால்வு. காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு பாகம் சூடேறி எலெக்ட்ரான்களை வெளிவிடும். நடுவில் இருக்கும் கம்பி வலை, மடைக்குப் பலகை போல, அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். இதற்கு வழிகாட்டிய மூன்று முனை வால்வை அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் 1906ல் உருவாக்கினார். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடேற்றும் இழை இல்லை, கண்ணாடி இல்லை. வேலை மட்டும் அதே வேலை. நம் நாட்டில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அறுபதுகளில் ரேடியோ வால்வுகளையும் தயாரித்தது, டிரான்சிஸ்டர்களையும் தயாரித்தது.

வெளிநாட்டில் வைத்த பந்தயம்

எது இனிமை என்ற வழக்கு உலகம் முழுவதும் நடந்த வழக்கு. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் இரண்டு வகையும் செய்தது. 1953ல் வந்த அதன் வால்வு ஆம்ப்ளிபயரையும், 1967லும் 1975லும் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்களையும், எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். முடிவை ஜேம்ஸ் மோயர் என்பவர் 1978ல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் எழுதினார். கேட்டவர்களால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

1985ல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற தயாரிப்பாளர் 'ஸ்டீரியோபைல்' இதழுக்குச் சவால் விட்டார். அவர்கள் மெச்சிய விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிபயரைப் போலவே தம்முடைய டிரான்சிஸ்டர் பெட்டியை ஒலிக்க வைப்பதாகச் சொன்னார். ஒன்றின் ஒலியிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்து, மிச்சம் ஏறக்குறைய இல்லை என்னும் வரை சரி செய்தார். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அந்த இதழாரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கதிர்காமத்தில் நாம் பார்த்தது

படித்ததை அப்படியே நம்பாமல் நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடையின் ஷட்டரை இறக்கிவிட்டுச் சோதித்தோம். விலைக்கு வந்த வால்வு பெட்டியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினோம். பக்கத்தில் நண்பரின் கடைப் பெட்டி. இரண்டும் ஏறக்குறைய ஒரே வாட். ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. ரேடியோ மெக்கானிக் ஒருவர் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒயரை மாற்றி மாற்றிக் கொடுத்தார். நாம் முதுகைக் காட்டி உட்கார்ந்தோம்.

முதல் சுற்றில் எல்லோரும் வால்வு பக்கமே கை தூக்கினோம். நண்பர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. மெக்கானிக் மீட்டரை எடுத்து ஸ்பீக்கர் முனையில் வைத்துப் பார்த்தார். வால்வு பெட்டி கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடியிருக்கிறது! கூடுதல் சத்தம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது; தெளிவாகவும் இனிமையாகவும் தெரியும். தட்டில் பொட்டலத்துக்கு அடியில் படிக்கல் ஒட்டிக்கொண்டிருந்தால் எடை கூடத்தானே செய்யும்?

மீட்டரில் இரண்டையும் சமமாக்கிய பிறகு மறுபடி கேட்டோம். நம் பதில்கள் பூவா தலையா போட்டது போல ஆகிவிட்டன. நண்பரும் தப்பாகவே சொன்னார்.

கடைசியாக இரண்டையும் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றிப் பார்த்தோம். அப்போது வித்தியாசம் நன்றாகவே கேட்டது. டிரான்சிஸ்டர் பெட்டி மேள அடி விழும்போதெல்லாம் கரகரத்தது. வால்வு பெட்டி கரகரக்காமல் அமுங்கிக் கொடுத்தது.

இனிமை எங்கிருந்து வருகிறது?

சக்தி தீரும் இடத்தில் டிரான்சிஸ்டர் பெட்டி அலையின் தலையைக் கத்தரித்தது போல் வெட்டிவிடும். அதில் பாட்டோடு சேராத கடுமையான ஒலிகள் பிறக்கும். வால்வு மெல்ல வளைந்து கொடுக்கும். பல வால்வு பெட்டிகள் மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரத்தையும் கொஞ்சம் சேர்த்துவிடும். 'ச'வோடு மேல் 'ச' சேர்ந்தால் காது கோபித்துக்கொள்ளாது. கிதார் வாசிப்பவர்கள் இன்றும் வால்வைத் தேடுவது இதற்காகத்தான். ஆனால் கடையில் அந்த எல்லைக்கு யாரும் போவதில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல்தான் வரம்பு. அந்த அளவில் நல்ல பெட்டி எதுவும் திணறாது.

வரவு செலவு

ஓர் இ.எல்.34 வால்வின் இழையைச் சூடாக வைத்திருக்கவே சுமார் 9 வாட் வேண்டும். நான்கு வால்வு என்றால் பாட்டு தொடங்கும் முன்பே 36 வாட்டுக்கு மேல். மொத்தம் 120 வாட் இழுக்கும் பெட்டியை நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டினால் மாதம் 43 யூனிட் ஆகிறது. பெரிய வால்வுகளின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம். ஆண்டுக்கு 4,380 மணி நேரம் ஓடும் கடையில் அடிக்கடி மாற்ற வேண்டிவரும். புதிய வால்வுகள் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா நாடுகளிலிருந்து வருகின்றன. உள்ளே 300, 400 வோல்ட் ஓடும்; சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். கடைப் பையன்கள் மூடியைத் திறக்கவே கூடாது.

சோதனையின்போது இன்னொன்றும் தெரிந்தது. நண்பர் கடையின் ஸ்பீக்கர் காகிதம் ஓரத்தில் கிழிந்திருந்தது. மெக்கானிக் வேறு ஸ்பீக்கர் போட்டுக் காட்டியபோது யாரும் மீட்டரைக் கேட்கவில்லை. வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது.

நண்பர் வால்வு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர் மட்டும் வாங்கினார். சரக்குப் பணம் சரக்குக்கே போயிற்று.

பிறகு ஒருநாள் பரணிலிருந்து அப்பாவின் பழைய வால்வு செட்டை இறக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தார். "இதுக்கும் மீட்டர் வைப்பீங்களா அண்ணே?" என்று நம்மிடம் கேட்டார். வைக்கவில்லை. ஆயுத பூசையன்று அது கடையில் ஒரு மணி நேரம் பாடியது. வால்வு சூடேறும் வரை பாட்டு வராமல் காத்திருந்த அந்த அரை நிமிடம் நண்பர் பேசவே இல்லை.

உறுப்பினர்கள் எந்தப் பெட்டி வாங்கினாலும் இரண்டு பெட்டிகளையும் ஒரே சத்தத்தில் வைத்து, பெயர்ப் பலகையைப் பார்க்காமல் கேளுங்கள். பழைய ஸ்பீக்கரை முதலில் சோதியுங்கள். அதன் பிறகு பணப்பெட்டியைத் திறக்கலாம்.